யாரும் பயன்படுத்தாத ஒலி வடிவம்

நம் மென்பொருளின் முகப்புப் பக்கத்தில் ஒரு நீளப் பட்டியல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். எந்தெந்த ஒலி வடிவங்களையெல்லாம் நம்மால் ஒலிக்கவைக்க முடியும் என்று மார்தட்டிக்கொள்ளும் பட்டியல். அதை எழுதியவர்களில் பாதிப் பேர் அதில் உள்ளவற்றில் பாதியைத் தங்கள் காதால் கேட்டதே கிடையாது. பாட்டுக் கேட்கும் கருவிக்கு மென்பொருள் எழுதுகிறோம், ஆனால் கேட்க மட்டும் மாட்டோம். இந்த லட்சணத்தில் இருக்கும் திட்டத்துக்குள் ஜொகூர் பாருவிலிருந்து நீங்கள் ஐந்தாறு பேர் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறீர்கள். வாருங்கள், உட்காருங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜொகூர் பாருவின் தம்போய் வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அது சோறு போட்ட வேலை. சோறு போடாத வேலை இது. கம்பெனிக்காரர்கள் கைகழுவிவிட்ட பாட்டுப் பெட்டிகளில் அவர்கள் போட்ட மென்பொருளைத் தூக்கி எறிந்துவிட்டு, யாரும் திறந்து பார்க்கக்கூடிய, யாரும் திருத்தக்கூடிய நம் மென்பொருளை ஏற்றும் கூட்டத்தில் வார இறுதிகளைத் தொலைத்தேன். என் பொறுப்பில் இருந்தவை எவரும் சீண்டாத ஒலி வடிவங்கள். பழைய விளையாட்டுக் கருவிகளின் இசை, செத்துப்போன கைபேசிகளின் ஒலிப்பதிவு, இப்போது பெயர்கூட இல்லாத கம்பெனிகள் தங்கள் பதிவுக் கருவிகளுக்கென்று தனியாகக் கண்டுபிடித்துவைத்த வடிவங்கள். சுருக்கிவைத்த அந்த ஒலியை விரித்துக் கொடுக்கும் நிரல்களை நான் பார்த்துக்கொண்டேன். போன மாதம் அந்தப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டேன். கிளம்பும் முன் புதியவர்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நல்லதாக எனக்கு வராது என்பது அவர்களுக்கே தெரியும்.

முதலில் உங்களுக்கு வரப்போகும் கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காதில் மாட்டும் கருவிக்கு ஒரு மோட்டார் சைக்கிள் விலை கொடுத்தவர்கள் எழுதுவார்கள். மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் நம் மென்பொருள் ஏதோ இரைச்சல் போடுகிறது என்று வண்ண வண்ணப் படங்களோடு நிரூபிப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு, வீட்டில் வௌவால் வளர்க்கிறீர்களா என்று கேட்டு நான் பதில் போட்டேன். அதற்காக எனக்கு எச்சரிக்கை வந்தது. ஆனால் அவர் சொன்ன குறையைத் தீர்க்க நம் ஆட்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியதை நான் மறக்கவில்லை. ஒரு வாரம் விவாதம் நடந்தது. ஆராய்ச்சிக் கட்டுரை அளவுக்கு ஆளுக்கு ஆள் எழுதித் தள்ளினார்கள்.

எழுதாத கூட்டம் ஒன்று உண்டு. கண் தெரியாதவர்கள். நம் மென்பொருள் திரையில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லும். எந்தப் பாட்டில் நிற்கிறாய், எந்தப் பக்கம் போகிறாய் என்று ஒவ்வொரு அடிக்கும் குரல் கொடுக்கும். அதனால் உலகம் முழுக்க அவர்கள் இதை வைத்திருக்கிறார்கள். நம் திட்டத்தில் உண்மையிலேயே உருப்படியான ஒரு காரியம் என்றால் அதுதான். அவர்களிடமிருந்து கடிதம் வராது. எதுவும் தங்களுக்காகச் செய்யப்படுவதில்லை என்று பழகிப்போனவர்கள் ஒன்று கெட்டால் அதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

என் கைபேசிக்கு ஒரு நாள் ஒரு குரல் செய்தி வந்தது. குளுவாங்கிலிருந்து மகேஸ்வரி என்ற பெண். பிறவியிலேயே கண் தெரியாதவர். ஒரு கம்பெனியில் தொலைபேசி ஒப்ரேட்டராக இருந்தார். கண் தெரியாதவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

“அண்ணே, வணக்கம். நீங்கதான் இந்தப் பாட்டுப் பொட்டி சாப்ட்வேர் செய்யிறவங்கன்னு சொன்னாங்க. என்ன லா செஞ்சு வச்சிருக்கீங்க? என் லெக்சர் எல்லாத்துலயும் பன்னி உறுமுற மாதிரி சத்தம் வருது. அதுக்கப்புறம் ஒரே உளறல். எனக்குப் பரீட்ச வருது அண்ணே. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க.”

எனக்கு அந்தக் குரல் உடனே பிடித்துப்போனது. கெஞ்சல் இல்லை, குழைவு இல்லை. திருப்பி அழைத்தேன். விஷயம் இதுதான். அவருடைய கம்பெனியில் ஆண்டுக் கடைசியில் ஒப்ரேட்டர் மேசையை எடுத்துவிட்டு, ‘மலாய் மொழிக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று பேசும் இயந்திரத்தை வைக்கப்போகிறார்கள். இவர் பகுதி நேரமாக மன ஆலோசனைப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பரீட்சையில் நாலு பேப்பரும் தேறினால் அதே கம்பெனியில் பணியாளர் நலப் பிரிவில் ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் மேசையோடு சேர்த்து அவரையும் அனுப்பிவிடுவார்கள். அவ்வளவு வெளிப்படையாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது.

அவருடைய பாடமெல்லாம் ஒலிப்பதிவில் இருந்தது. வகுப்பில் ஒரு சின்னப் பதிவுக் கருவியை வைத்துப் பதிந்து, வீட்டுக்கு வந்து நம் மென்பொருள் ஏற்றிய பாட்டுப் பெட்டியில் வேகத்தைக் கூட்டிக் கேட்பார். கண் தெரியாதவர்கள் கேட்கும் வேகத்தில் நீங்களும் நானும் கேட்டால் தலை சுற்றும். அந்தப் பதிவுக் கருவி தன் கம்பெனிக்கே உரிய வடிவத்தில்தான் பதியும். அதை விரிக்கும் நிரல் நம்மிடம் இருந்தது. பல வருடமாக ஒழுங்காக ஓடியது.

பிறகு அவருடைய பாட்டுப் பெட்டியின் பேட்டரி உப்பிப்போனது. பழைய சாமான் விற்பவரிடம் வேறு ஒரு பெட்டி வாங்கினார். அந்தப் பெட்டியில் நம் மென்பொருளின் புதிய சோதனைப் பதிப்பு மட்டும்தான் ஓடும், பழையது ஓடாது. ஏற்றினார். உறுமியது.

இதைத் திட்டத்தின் விவாதப் பக்கத்தில் எழுதினேன். சிறிது நேரத்தில் ஒரு பதில் வந்தது. ‘அவர் ஏன் கோப்புகளை நவீன வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது?’

இந்தக் கேள்வியை நீங்களும் ஒரு நாள் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். மாற்றும் மென்பொருளை அந்தப் பதிவுக் கருவியின் கம்பெனி மட்டும்தான் வைத்திருந்தது. அது இன்றைய கணினிகளில் ஓடாது. ஓடினாலும் பதிவுக் கருவியைச் சொருகினால்தான் திறக்கும். மகேஸ்வரியின் கருவியோ அதற்குள் செத்துவிட்டது. அப்படியே திறந்தாலும் திரையில் உள்ள பொத்தான்களுக்குப் பெயரே வைக்கவில்லை, கண் தெரியாதவருக்கு அது வெறும் சுவர். ‘மாற்றிக்கொள்ளலாமே’ என்று சொல்பவர் ஒரு நிமிடம் கூட இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார். யோசித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அந்த நிரலின் பழைய மாற்றங்களைத் தோண்டிப் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன் நம்மில் ஒரு கெட்டிக்காரர் அதைச் சுத்தம் செய்திருந்தார். பெயர் வேண்டாம், அவரைக் கெட்டிக்காரர் என்றே அழைக்கிறேன், அவருக்கும் அது பிடிக்கும். அந்த நிரலை முதலில் எழுதியவர் ஒவ்வொரு துண்டின் வாலிலும் எதையோ தேடிப் பார்க்கும் அசிங்கமான நாலைந்து வரிகளை வைத்திருந்தார். ஏன் வைத்தார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் பெரிய மேதை, மேதைகளுக்கு விளக்கம் எழுத நேரமிருக்காது. கெட்டிக்காரர் வந்து அதைப் பார்த்து, ‘நோக்கம் தெரியவில்லை, வடிவத்தின் ஆவணத்திலும் இல்லை, நீக்கப்பட்டது, எல்லாச் சோதனைகளும் வெற்றி’ என்று எழுதி நீக்கியிருந்தார். பார்த்தவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள்.

நோக்கம் தெரியவில்லையாம். தெரியாததை எடுப்பதற்கு அதுவே காரணமாகிவிட்டது. முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய், இந்தத் தூண் எதற்கென்று தெரியவில்லை என்று சொல்லி இடித்துத் தள்ளுகிறவரை நாம் கொத்தனார் என்று சொல்ல மாட்டோம்.

‘எல்லாச் சோதனைகளும் வெற்றி’ என்பது அதைவிடப் பெரிய கூத்து. அந்தச் சோதனைகளுக்கான கோப்புகள் எங்கிருந்து வந்தன? அந்த வடிவத்தில் ஒலியைச் சுருக்கும் நிரல் ஒன்றை நாமே எழுதி, அதைக்கொண்டு நாமே தயாரித்தவை. நாமே கேள்வி எழுதி, நாமே விடை எழுதி, நாமே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டோம். உண்மையான பதிவுக் கருவி ஒன்றில் பதிந்த கோப்பு அதில் ஒன்றுகூடக் கிடையாது. இந்தத் தவறைச் செய்ய ரொம்பப் படித்திருக்க வேண்டும்.

அந்த வரிகளை மட்டும் எடுத்திருந்தால் திரும்பப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவர் வீட்டையே இடித்துக் கட்டியிருந்தார். பழைய வரிகள் எங்கே இருந்தன என்று கேட்டால் அந்த இடமே இப்போது இல்லை. ஆகவே அவை எதற்காக இருந்தன என்று புரிந்துகொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. மேதைக்கு எழுதிக் கேட்டேன், பதில் இல்லை.

மகேஸ்வரி ஒரு கோப்பை அனுப்பினார். ஆம், உறுமியது. ஒலி சம அளவுத் துண்டுகளாக அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்று எழுதியிருந்தது. உறுமல் வரும் துண்டின் தலையிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஒலிக்குப் பதில் குப்பை. அந்தக் குப்பை எப்படி வந்தது? தொலைபேசியில் மகேஸ்வரியைக் கேட்டேன். எந்த அமைப்பில் வைத்துப் பதிந்தீர்கள், எந்தத் தரத்தில், மைக் எது.

“சும்மா ரெக்கார்ட் பண்ணேன் அண்ணே. வேற என்ன செய்வாங்க?”

சரியான பதில். நான் கேட்டதுதான் தவறான கேள்வி. எது சரியான கேள்வி என்று எனக்கே தெரியவில்லை. இதற்கு நடுவில் நம் திட்டத் தலைவர், ஐரோப்பாவில் எங்கோ இருப்பவர், ரொம்ப மரியாதையாக எழுதினார். ‘வெளியீடு நெருங்கிவிட்டது, இனி மாற்றம் எதுவும் சேர்க்காதபடி நிரலைப் பூட்டிவிட்டோம். இந்த வடிவத்தை ஏறக்குறைய யாரும் பயன்படுத்துவதில்லை. அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம்.’ அடுத்த வெளியீடு என்றால் நம் வழக்கப்படி அடுத்த வருடம். பரீட்சை அடுத்த மாதம்.

சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குளுவாங்குக்குக் கிளம்பினேன். “ஒரு பாட்டுப் பொட்டிக்கு வைத்தியம் பாக்க அவ்ளோ தூரமா?” என்றார் என் மனைவி. வௌவால்காரர் அழைத்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் வழியில் தின்ன முறுக்குக் கட்டிக் கொடுத்தார்.

பசாருக்குப் பின்னாலிருக்கும் ஒரு மாடி வீடு. மகேஸ்வரி கதவைத் திறந்ததும், “காரு சத்தம் கேட்டுச்சு, பார்க்கிங் கெடைக்காம மூணு தடவ சுத்துனீங்க” என்றார். தேநீர் வைத்தார். பாட்டுப் பெட்டியை ஒரு சின்ன ஸ்பீக்கரில் சொருகி மேசைமேல் வைத்தார்.

“எதப் போட?”

“எதாச்சும் போடுங்க. மொதல்லேருந்து.”

மலாய்க்காரர் ஒருவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல கணீர்க் குரல். ஆலோசகர், வந்தவரின் வாயைப் பிடுங்காமல் காத்திருப்பது பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே போனவர், “ஸமான் சாயா டூலு” என்று ஆரம்பித்தார். எங்கள் காலத்தில் என்று அர்த்தம். உடனே உறுமல். அப்புறம் உளறல்.

“பாத்தீங்களா?” என்றார் மகேஸ்வரி.

“இன்னொண்ணு போடுங்க.”

இன்னொரு வகுப்பு. அதே ஆள். இந்த முறை பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது. பெட்டியில் தெரிவது எல்லாம் கோப்பிலேயே இருக்கிறது, அதை வீட்டிலேயே பார்த்துவிட்டேன். கோப்பில் இல்லாத ஏதோ ஒன்று அந்த வகுப்பறையில் நடந்திருக்கிறது. ஆகவே மகேஸ்வரியைப் பார்த்தேன். கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் தன் இளமைக்கால மோட்டார் சைக்கிளைப் பற்றி வாயெடுத்தார். மகேஸ்வரியின் வலது கட்டைவிரல் தானாக இறங்கி மடியை ஒரு அழுத்து அழுத்தியது. அடுத்த கணம் உறுமல்.

“இப்ப என்ன செஞ்சீங்க?”

“நானா? ஒண்ணும் செய்யலயே.”

“கட்டவெரல்ல ஏதோ அமுக்குனீங்க.”

அவர் கட்டைவிரலைத் தூக்கித் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். “ஐயோ, அதுவா! இந்த ஆளு சொந்தக் கத ஆரம்பிச்சா முடிக்கவே மாட்டான் அண்ணே. அவன் பொண்டாட்டி, அவன் மோட்டார், அவன் ஆஸ்ட்ரேலியா போனது. எடம் வீணாப் போவுதுன்னு பட்டன அமுக்கி நிறுத்திடுவேன். திரும்பிப் பாடத்துக்கு வந்தான்னா மறுபடி அமுக்குவேன். ரெண்டு வருஷமா அதே வேல. வெரலுக்கே தெரிஞ்சிபோச்சி போல.”

அவ்வளவுதான். எல்லாம் அந்த விரலில் இருந்தது. பதிவை நடுவில் நிறுத்தும்போது அந்தக் கருவி பாதி நிரம்பிய துண்டை அப்படியே மூடிவிடுகிறது. ஆனால் தலையில் ‘முழுதும் ஒலி’ என்று பொய் எழுதிவைக்கிறது. மீதி இடத்தில் இருப்பது முன்பு எப்போதோ பதிந்ததன் மிச்சம். அந்த மிச்சத்தை விரித்தால் பன்றி உறுமும். ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் முடிவை வைத்தே விரிவதால், ஒரு முறை தடம் புரண்டால் கடைசிவரை உளறல்தான். மேதை எழுதிவைத்த அசிங்கமான வரிகள் துண்டின் வாலில் நிறுத்தப்பட்ட அடையாளத்தைத் தேடி, இருந்தால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தன. கம்பெனியின் ஆவணத்தில் இது ஏன் இல்லை? தங்கள் கருவி பொய் சொல்கிறது என்று எந்தக் கம்பெனி ஆவணத்தில் எழுதும்? நம் சோதனைக் கோப்புகளில் ஏன் இது மாட்டவில்லை? நாம் எழுதிய சுருக்கும் நிரலுக்கு விரல் கிடையாது. அது எந்த வாத்தியாரின் சுயபுராணத்தையும் கேட்டுச் சலித்ததில்லை.

நீங்கள் ஒரு வடிவத்துக்கு வேலை செய்யும்போது அதன் ஆவணத்தைப் படியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதில் இருப்பது கம்பெனி எப்படி நடக்க ஆசைப்பட்டதோ அது. உண்மையில் நடந்தது கோப்பில் இருக்கிறது. அது ஏன் அப்படி நடந்தது என்பது அதைப் பதிந்த மனிதரிடம் இருக்கிறது. அந்த மனிதரிடம் போய்க் கேட்க நமக்கு வலிக்கிறது.

காரணம் தெரிந்த பிறகு திருத்தம் சின்ன வேலை. மகேஸ்வரியின் சமையலறை மேசையிலேயே மத்தியானத்துக்குள் முடித்தேன். அவருக்கென்று தனிப் பதிப்பு ஒன்றைத் தயாரித்துப் பெட்டியில் ஏற்றினேன். அந்த மலாய் வாத்தியார் மோட்டார் சைக்கிளைப் பற்றி வாயெடுத்தார், ஒரு சின்ன ‘டிக்’, உடனே அடுத்த பாடக் கருத்துக்குத் தாவினார். உறுமல் இல்லை, உளறல் இல்லை. மகேஸ்வரி கைதட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன். வெளியீடும் பூட்டும் அந்தத் திட்டமும் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

“சரி, எல்லாத்தையும் வரிசையாப் போட்டுப் பாத்துடலாம்” என்றேன்.

வரிசையாகப் போட்டோம். எல்லாம் ஓடியது. பாடங்களின் பெயர்களைப் பெட்டி சொல்லிக்கொண்டே வந்தது. நெறிமுறை, குழு ஆலோசனை, இளையோர் ஆலோசனை. அதோடு முடிந்துவிட்டது.

“நாலு பேப்பருன்னு சொன்னீங்களே?”

மகேஸ்வரி பெட்டியை நிறுத்தினார்.

“குடும்ப ஆலோசனைய அழிச்சிட்டேன் அண்ணே.”

“ஏன்?”

“புதுப் பொட்டி வாங்குன அன்னிக்கு மொதல்ல அதத்தான் போட்டேன். எல்லாம் உறுமிச்சி. பேட்டரி உப்புனதுல கார்டு கெட்டுப்போச்சின்னு நெனச்சேன். கெட்டுப்போனத வச்சிக்கிட்டு என்ன செய்யிறது? கார்டும் ஃபுல்லா இருந்துச்சி, கொரல் ஃபைல் போட எடம் இல்ல. அழிச்சிட்டேன். அப்புறம் மத்ததும் உறுமறப்பதான் சாப்ட்வேரோன்னு சந்தேகம் வந்துச்சி, ஒங்களக் கூப்டேன்.”

நினைவட்டையை வாங்கி, அழித்ததை மீட்கப் பார்த்தேன். துணுக்குத் துணுக்காக ஏதோ வந்தது, ஒன்றும் உருப்படியில்லை. அழித்த இடத்தின் மேலே நம் மென்பொருளின் குரல் கோப்புகள் ஏறி உட்கார்ந்திருந்தன. ‘முதன்மைப் பட்டி’, ‘அமைப்புகள்’, ‘பேட்டரி குறைவு’. அவருக்கு உதவ நாம் அனுப்பிய குரல்கள்தான் அவருடைய பாடத்தின் மேல் பதிந்திருந்தன. மகேஸ்வரிதான், “பரவால்ல லா அண்ணே, கூடப் படிக்கிறவங்ககிட்ட கேட்டு ஒப்பேத்திடறேன்” என்று எனக்குச் சமாதானம் சொன்னார். கண் தெரிந்த மாணவர்கள் கையால் எழுதிய குறிப்புகளை அவருக்கு யார் உட்கார்ந்து படித்துக் காட்டுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி விவாதப் பக்கத்தில் எழுதினேன். திருத்தம் தயார், இந்த வெளியீட்டிலேயே போக வேண்டும் என்றேன். தலைவர் மறுபடியும் மரியாதையாக எழுதினார். ‘அந்தப் பெண்மணிக்குத் தனிப் பதிப்பு கொடுத்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஒருவருக்காகப் பூட்டைத் திறப்பது நல்ல முன்னுதாரணம் அல்ல.’ கெட்டிக்காரரும் சேர்ந்துகொண்டார். ‘சோதனைப் பதிப்பு வெளிவந்து மாதங்களாகின்றன. வேறு புகார் எதுவும் வரவில்லை.’

இங்கேதான் எனக்கு நெருக்கடி. என் வேலை முடிந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நியாயமான ஆட்களாகத்தான் பேசினார்கள். ஆனால் புகார் வரவில்லை என்ற அந்த வாக்கியம் என்னை உறங்கவிடாமல் குடைந்தது. நம் மென்பொருளில் ஒரு பாட்டு கெட்டால் ஆட்கள் நம்மைத் திட்டுவார்கள். நாம் செய்த தவறில் தங்கள் கோப்பே கெட்டதுபோல் தெரிந்தால் யாரைத் திட்டுவார்கள்? அட்டையைத் திட்டுவார்கள், தங்களைத் திட்டுவார்கள், அழித்துவிடுவார்கள். அழித்தவர் எதைக் காட்டிப் புகார் எழுதுவார்?

பல நாடுகளில் உள்ள கண் தெரியாத பயனர்கள் சேர்ந்திருக்கும் ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். இந்தப் பதிவுக் கருவியில் பதிந்த கோப்புகள் யாருக்காவது சமீபத்தில் கெட்டுப்போயினவா? மறுநாளே பதில்கள் வந்தன. ‘ஆமாம், என் பதிவுகள் பழசாகிக் கெட்டுவிட்டன.’ ‘என் அட்டை பழுது, தூக்கிப் போட்டுவிட்டேன்.’ ஒரு பியானோ ஆசிரியை தன் மாணவர்களின் பதிவுகளை அழித்திருந்தார். ஒருவர் தன் தந்தையோடு பேசியதை அழித்திருந்தார். ஒருவர்கூட நம்மைக் குறை சொல்லவில்லை. சிலர் நம் மென்பொருளுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தார்கள்.

அத்தனையையும் எடுத்து விவாதப் பக்கத்தில் ஒட்டினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. இருபதாயிரம் வார்த்தை எழுதித் தள்ளும் கூட்டம் அன்றைக்கு முழுக்க வாயடைத்துப்போயிருந்தது. மாலையில் தலைவர் பூட்டைத் திறந்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர் ‘சேர்க்கப்பட்டது’ என்று எழுதினார். அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேல் அவரிடமிருந்து எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எதிர்பார்த்தேன். வருத்தம் என்று ஒரு வார்த்தை எழுதினால் அவர் கைவிரல் ஒடிந்துவிடாது.

பரீட்சை முடிந்து சில வாரங்கள் கழித்து மகேஸ்வரி அழைத்தார்.

“அண்ணே, ரிசல்ட் வந்துடுச்சி. மூணு பாஸ்.”

நாலாவதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“குடும்ப ஆலோசன போச்சி. கொஞ்சத்துல போச்சி. திரும்ப எழுதலாம், பாஸ் பண்ணிடுவேன். ஆனா ஆபீஸ்ல காத்திருக்க மாட்டாங்களாம். அந்த எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டாங்க. மெஷினும் வந்துடுச்சி. இந்த மாசத்தோட முடியுது எனக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. நோக்கம் தெரியவில்லை என்று எழுதியவரையா, காரணம் எழுதாமல் போன மேதையையா, கட்டைவிரல் உயர்த்தியவர்களையா? ஏதாவது சொல்ல வேண்டும் என்று, திருத்தம் உலகம் முழுக்கப் போய்விட்டது, இனி யாருக்கும் அழியாது என்றேன்.

“தெரியும். வெளியீட்டுக் குறிப்புல அதப் பத்திப் போட்டிருக்காங்களாமே. எனக்குப் படிச்சிக் காட்டுங்க.”

கணினியைத் திறந்தேன். நீளமான குறிப்பு. வௌவால்காரரின் இரைச்சலுக்குத் தனிப் பத்தியே இருந்தது. நம்முடையது கடைசியில் ஒரு வரி. ‘அரிதாகப் பயன்படும் ஒலி வடிவம் ஒன்றில் சிறு பிழை சரிசெய்யப்பட்டது.’ எழுதியவர் கெட்டிக்காரர்.

தமிழாக்கிப் படித்தேன். “அதிகம் புழங்காத ஒலி வடிவம் ஒண்ணுல பிழைய சரி பண்ணியிருக்கோம், அப்படின்னு போட்டிருக்கு.”



“அண்ணே, எங்கிட்டயும் படிக்கிற சாப்ட்வேர் இருக்கு லா. காலையிலயே கேட்டுட்டேன். சின்னப் பிழைன்னு இருந்துச்சி. அந்தச் ‘சின்ன’வ ஏன் விட்டுட்டீங்க?”

இனிமேல் அந்தக் குறிப்புகளை எழுதப்போகிறவர்கள் நீங்கள்தான்.